மிஷினுக்குத் தெரியலயே

எங்கம்மாவுக்கு வயசு 65. பத்து வயசுல நாத்து பிடுங்கப் போனது. அதுக்கப்புறம் நடவு, களை, கரும்பு வெட்டு, மல்லாட்டை ஆயறது, நடுவுல ஆறு வருஷம் செங்கல் சூளை. விழுப்புரம் பக்கத்துல எங்க காலனியில இருக்கிற அந்த வயசுப் பொம்பளைங்க எல்லாருக்கும் இதேதான் கதை. நான் தமிழ் எம்.ஏ. படிச்சது அந்தக் கை சம்பாதிச்ச காசுல. அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கையில் தொடங்கி அரசு, அறம், பொறுப்பு என்று போக வேண்டியிருக்கிறது. தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2022-ல் ஒரு மாசக் கடைசி. ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவோட ரேஷன் கடைக்கு நானும் போனேன். கடையில் இருந்தவர் ஊர்த்தெருக்காரர். அவர் குடும்பத்து நிலத்தில் எங்கம்மா எத்தனையோ போகம் நட்டிருக்கு. அவர் டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்திலிருந்து அம்மாவுக்கு அவரைத் தெரியும். அவருக்கும் அம்மாவைத் தெரியும்.

அம்மா மிஷின்ல வெரலை வெச்சிது. சிவப்பு லைட்டு எரிஞ்சுது.

'ரேக விழல. வேற வெரலு வையி.'

துடைச்சி வெச்சிது. முந்தானையில தேய்ச்சி வெச்சிது. எச்சி தொட்டு வெச்சிது. இந்தக் கை, அந்தக் கை, பத்து வெரலும் ஆச்சி. பின்னால வரிசையில நின்னவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க.

'என்னத் தெரியாதா தம்பி ஒனக்கு? ஒங்க கொல்லியில நட்டவதான நானு?'

'எனக்குத் தெரியுதும்மா. மிஷினுக்குத் தெரியலயே. நா என்னா பண்றது?'

அவர் கேலி செய்யவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. உண்மையாகவே தன் கையில் ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டுதான் சொன்னார். மறுநாள் எங்க அண்ணி போய் வெரலை வெச்சி அரிசி வாங்கிட்டு வந்துட்டாங்க. பட்டினி ஒன்றும் கிடக்கவில்லை. ஆனால் அம்மா அதுக்கப்புறம் அந்தக் கடைக்குப் போறதில்லை. 'நானு செத்துட்டேன்னு அது நெனச்சிக்கினு இருக்குது போல' என்று ஒருநாள் சொல்லிச்சி. சிரிச்சிக்கினேதான் சொல்லிச்சி.

'எனக்குத் தெரியும், மிஷினுக்குத் தெரியல.' இந்த ஒரு வாக்கியத்தை நான் ரொம்ப நாள் மண்டையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் கண்ணால் கண்டதை, தன் வாழ்நாள் முழுக்க அறிந்ததை, ஒரு பெட்டியின் முன்னால் எப்படி இவ்வளவு எளிதாகக் கைவிட முடிகிறது? கைவிட்டது தப்பு என்றுகூட ஏன் அவனுக்குத் தோன்றவில்லை? இது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. அறம் பற்றிய கேள்வி.

*

முதலில் அந்த மனிதரின் பக்கம் நின்று பார்ப்போம். ரேகை விழாவிட்டால் வேறு வழியில் பொருள் கொடுக்கலாம் என்று மேலிருந்து உத்தரவு உண்டு. அது அவருக்கும் தெரியும். ஆனால் ரேகை இல்லாமல் அரிசி போட்டால் 'ஏன் போட்டே?' என்று கேட்க ஆள் இருக்கிறது. தணிக்கை வரும், மெமோ வரும். ரேகை விழலன்னு திருப்பி அனுப்பினால் 'ஏன் அனுப்பினே?' என்று கேட்க ஒரு நாதி கிடையாது. கொடுப்பவன் பதில் சொல்ல வேண்டும், மறுப்பவன் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்தால் நல்லவனும் மறுக்கத்தான் செய்வான். ஆகவே அந்த ஆள் கெட்டவர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை.

இரண்டாவது, மனித மனசின் வழக்கம் ஒன்று. ராஜா பரசுராமன், விக்டர் ரைலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-ல் மனிதரும் தானியங்கிக் கருவிகளும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். விமானம் ஓட்டுபவர் மாதிரியான ஆட்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பேசும் கட்டுரை அது. கருவி பெரும்பாலும் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தால், மனிதன் சரிபார்ப்பதை விட்டுவிடுகிறான். கருவியை அளவுக்கு மீறி நம்புவது கருவியைத் தவறாகப் பயன்படுத்துவதில் ஒரு வகை என்கிறார்கள் அவர்கள். விமானத்தில் இந்தத் தப்பு நடந்தால் ஓட்டுபவனும் சேர்ந்து விழுகிறான். அதனால் அங்கே திருத்திக்கொள்கிறார்கள். ரேஷன் கடையில் மிஷின் தப்பு செய்தால் விழுகிறவள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள். மிஷினை வாங்கியவனுக்கும் வைத்தவனுக்கும் இயக்குபவனுக்கும் ஒரு கீறல்கூட விழாது. பிறகு எதற்குத் திருத்தப் போகிறார்கள்?

*

இதை அம்மாகிட்ட சொன்னேன். 'இந்த மிஷினையே தூக்கிப் போடணும்மா' என்றேன். அம்மா ஒத்துக்கல.

'ஒனக்கு என்னாடா தெரியும்? மிஷினு சாதி பாக்காதுடா. ஒங்க தாத்தா காலத்துல சாமான் எப்பிடிப் போட்டாங்க தெரியுமா? ஊர்க்காரங்க எல்லாம் வாங்கி முடிச்சி, மிச்சம் இருந்தா நமக்கு. கார்ட கையில வாங்க மாட்டான், கீழ வையிம்பான். துட்ட தூக்கிப் போடணும். எடைக்கல்லு என்னா எடைன்னு எவன் கேக்கறது? சாமி, சாமின்னு நிக்கணும். இப்ப வரிசையில யாரு மின்னாடியோ அவங்கதான வாங்கறாங்க? பில்லு வருது, போன்ல மெசேஜு வருது.'

நியாயமான பேச்சு இது. படித்த நாம் இதைத் தாண்டிக் குதித்து ஓடிவிடக் கூடாது. 'மனிதத் தன்மை', 'நேரடி உறவு', 'ஊர் அறிந்த முகம்' என்றெல்லாம் பழையதை நினைத்து உருகுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர் அறிந்த முகம் எங்களுக்கு என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும். அதிகாரியின் 'விருப்புரிமை' என்பது நம் நாட்டில் பெரும்பாலும் சாதியின் விருப்புரிமைதான். கையெழுத்துப் போடும் பேனாவுக்கு எந்தத் தெருப் பையன் எந்தச் சான்றிதழுக்கு வந்திருக்கிறான் என்று தெரியும். கம்ப்யூட்டரில் ரயில் டிக்கெட் எடுக்கிறபோது நம்மை யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதியைக் கொச்சைப்படுத்த எனக்கு உரிமையில்லை.

ஆக, கேள்வி 'மனிதனா மிஷினா' என்பதல்ல. சாதி பார்க்கிற மனிதன் ஒரு பக்கம், நம்மைப் பார்க்கவே பார்க்காத மிஷின் ஒரு பக்கம். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அம்மா சொன்னதற்கு இன்னொரு பதிலும் உண்டு. மிஷின் சாதி பார்க்காது, சரி. அதில் சாதிக்கென்று ஒரு பொத்தான் இல்லை. பிறகு ஏன் பத்து விரலும் விழவில்லை? நாத்து முடியும் சேத்துத் தண்ணியும் கரும்புச் சோகையும் சூளை மண்ணும் ஐம்பது வருஷமாகத் தேய்த்த விரல் அது. அந்த வேலைகளை அந்தக் கைகளுக்கு ஒதுக்கியது எது? சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். அந்த அடுக்கில் அடியில் இருப்பவளின் ரேகைதான் முதலில் அழிகிறது. மிஷினுக்குச் சாதி தெரியாது. ஆனால் சாதி தேய்த்துவைத்த விரல் தெரியும். 'இவள் இல்லை' என்று சொல்லத் தெரியும். பார்க்காமலேயே பாகுபாடு காட்ட முடியும் என்பதுதான் இதில் புதுசு. தீண்டாமைக்குச் சாட்சி வைக்கலாம். இதற்கு யாரைச் சாட்சி வைப்பது?

ரேகைக்கு இங்கே பழைய கதையும் ஒன்று இருக்கிறது. 1871-ல் வெள்ளையர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. இன்ன சாதியில் பிறந்தவன் என்றால் அவன் குற்றம் செய்தானா என்று விசாரிக்கத் தேவையில்லை. பதிவேட்டில் பேர், பதிவேட்டில் ரேகை. தமிழ் மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பதிவுக்கு உடன்பட மறுத்தவர்களைச் சுட்டார்கள். ரேகை கேட்கிற அரசு முதலில் நம்மைச் சந்தேகப்படுகிறது, பிறகுதான் நமக்குச் சோறு போடுகிறது. இந்த வரிசை மாறவில்லை.

*

எங்கம்மாவுக்கு மறுநாள் அரிசி கிடைத்தது. தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்கும் என்று இருக்கிறது. வீட்டில் வேறொருவர் விரல் இருந்தது. ஆகவே எங்களுக்கு நேர்ந்தது ஓர் அவமானம், அவ்வளவுதான். ஜார்க்கண்டில் நேர்ந்தது வேறு.

2017-ல் ஜார்க்கண்ட் அரசு ஆதாரோடு இணைக்காத குடும்ப அட்டைகளை நீக்கியது. 11 லட்சத்துக்கும் மேற்பட்ட 'போலி' அட்டைகளை ஒழித்துவிட்டோம் என்று பெருமையாக அறிவித்துக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 28-ல் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செத்துப்போனாள். வீட்டில் பல நாளாகச் சோறில்லை, சோறு கேட்டுக்கொண்டே செத்தாள் என்று தாய் சொன்னார். அந்தக் குடும்பத்தின் அட்டை ஆதாரோடு இணைக்கப்படாததால் நீக்கப்பட்டிருந்தது. அரசு என்ன சொன்னது? மலேரியா என்றது. ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று ஒன்றிய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது அக்டோபர் மாதத்தில். சிறுமி செத்து ஒரு மாதம் ஆகப்போகிற நேரத்தில்.

நீக்கிய அட்டைகள் உண்மையிலேயே போலியா? கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் ஜார்க்கண்டில் 10 மாவட்டங்களில் 2016 முதல் 2018 வரை நீக்கப்பட்ட அட்டைகளிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, வீடுவீடாகத் தேடிப் பார்த்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது உண்மையான குடும்பங்கள். ஆள் இருக்கிறார்கள், அடுப்பு இருக்கிறது. அட்டை மட்டும் 'போலி'.

இதிலுள்ள கணக்கைக் கவனியுங்கள். நீக்கிய ஒவ்வொரு அட்டையும் அரசின் ஏட்டில் 'சேமிப்பு' என்று ஏறுகிறது. ஒரு கிழவியின் பசி அங்கே லாபக் கணக்கு. தப்பு நடந்தது என்று கண்டுபிடித்தால் லாபம் குறையும். ஆகவே யாரும் தேடிப் போக மாட்டார்கள். தப்பைச் சாதனையாகப் பதிவு செய்யும் ஓர் இயந்திரத்திடம் போய் 'தப்பு நடந்துவிட்டது' என்று முறையிட முடியுமா?

2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமை அலுவலர் உச்ச நீதிமன்றத்தில் விளக்கம் சொன்னபோது, அரசுச் சேவைகளில் அடையாளம் உறுதியாகும் அளவு 88 விழுக்காடு என்றார். அப்படியானால் 12 விழுக்காடு உறுதியாவதில்லை. நூற்றுக்கு 88 என்பது பரீட்சையில் நல்ல மார்க். பந்தியில் நூறு பேரை உட்கார வைத்து, 12 பேரை 'நீ நீயில்லை' என்று எழுப்பி அனுப்பினால் அதற்கு என்ன பெயர்? அந்த ஆண்டு செப்டம்பர் 26-ல் தீர்ப்பு வந்தது. நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். ஒரு நீதிபதி, சந்திரசூட், மாறுபட்டார். மனிதரின் மாண்பையும் உரிமையையும் கணினிக் கணக்கீட்டுக்கும் நிகழ்தகவுக்கும் விட்டுவிட முடியாது என்பது அவர் வாதம். நாலுக்கு ஒன்று. அந்த ஒன்றைத்தான் நாம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

இது நமக்குப் புதிய அனுபவமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவை முன்கூட்டியே எழுதிவைத்து, ஆளைப் பார்க்காமல், காரணம் சொல்லாமல், மேல்முறையீடு இல்லாமல் நிறைவேற்றும் ஒரு முறையின் கீழ் நம் முன்னோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள்.

மனுவை எடுத்துப் பாருங்கள். எட்டாம் அத்தியாயத்தில் வசைக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. பார்ப்பனரைச் சத்திரியன் திட்டினால் அபராதம் 100 பணம். வைசியன் திட்டினால் 150 அல்லது 200. சூத்திரன் திட்டினால் உடல் தண்டனை. பார்ப்பனர் திட்டினால்? சத்திரியனைத் திட்டியதற்கு 50, வைசியனுக்கு 25, சூத்திரனுக்கு 12. அவ்வளவுதான். என்ன சொன்னான், ஏன் சொன்னான், யார் முதலில் கை ஓங்கினான், எதுவும் வேண்டாம். இரண்டு பிறப்பை உள்ளே போட்டால் ஒரு தண்டனை வெளியே வரும். இதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. தீர்ப்புச் சொன்னவனைக் கேட்டால் 'நானா சொல்றேன், சாஸ்திரம் சொல்லுது' என்பான். எங்க ஊர் நாட்டாமையைக் கேட்டால் 'வழக்கம் அப்பிடி' என்பார். டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தவரைக் கேட்டால் 'நமக்கு ஒண்ணுமில்லப்பா, ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க' என்பார். இப்போது 'சிஸ்டம் எடுக்கல' என்கிறார்கள். எந்தக் காலத்திலும் நம்மை மறுத்தவன் தானே மறுத்ததாக ஒப்புக்கொண்டதே இல்லை.

அம்பேத்கர் 1936-ல் 'சாதி ஒழிப்பு' உரையில் விதி என்பதையும் நெறி என்பதையும் பிரித்துக் காட்டுகிறார். விதி, இதைச் செய் என்று கட்டளையிடுகிறது. நெறி, செய்வது சரியா என்று எடைபோட ஒரு வழியைத் தருகிறது. விதிப்படி நடப்பவனுக்குச் சிந்திக்க வேலையில்லை. அதனாலேயே அவன் செயலுக்கு அவன் பொறுப்பாவதும் இல்லை. இந்து மதம் என்று சொல்லப்படுவது நெறிகள் அல்ல, கட்டளைகளின் மூட்டை, அது மனிதனின் பொறுப்புணர்வைக் கொன்றுவிடுகிறது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 1927 டிசம்பர் 25-ல் மகாடில் மனுஸ்மிருதியைக் கொளுத்தியபோது அவர் கொளுத்தியது ஒரு நூலை மட்டுமல்ல. 'நான் செய்யவில்லை, எழுதிவைத்தபடி நடக்கிறேன்' என்கிற சாக்கையும் சேர்த்துத்தான்.

மென்பொருள் என்பது விதியின் கடைசி எல்லை. மனுவின் விதியை நிறைவேற்றுகிறவன் மனம் மாறலாம், இரக்கப்படலாம், பயப்படலாம், கண்டும் காணாமல் விடலாம். அந்தச் சந்துபொந்துகளில்தான் நம் ஆட்கள் பிழைத்துக் கிடந்தார்கள். மென்பொருளில் அந்தச் சந்தும் இல்லை. அதே நேரத்தில், அந்த விதியை எழுதியது யார் என்று கேட்டால் யாரும் இல்லை. டெண்டர் எடுத்த கம்பெனி, குறிப்பு எழுதிய அதிகாரி, ஒப்புதல் தந்த செயலர், கோட் எழுதிய பொறியாளர் என்று பொறுப்பு சிதறிப்போய்விடுகிறது. யாருமற்றவரின் ஆட்சியே கொடுங்கோன்மையில் மோசமானது, ஏனென்றால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது என்ற பொருளில் ஹன்னா அரெண்ட் எழுதியிருக்கிறார். அவர் அலுவலக ஆட்சியைப் பற்றிச் சொன்னார். நாம் அதைக் கவுண்டரில் பார்த்துவிட்டோம்.

*

இந்தியாவின் ஊழலும் சாதியும்தான் காரணம், ஒழுங்கான நாட்டில் இப்படி நடக்காது என்று சிலர் சொல்லக்கூடும். அங்கேயும் நடந்தது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பெற்றோர்கள் ஆயிரக்கணக்கில் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று மதிப்பெண் போட்ட கணினி முறையில், அவர் நெதர்லாந்துக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பதும் ஓர் அளவுகோலாக இருந்தது. சின்னப் பிழைக்கும் மொத்தத் தொகையைத் திருப்பிக் கேட்டார்கள். குடும்பங்கள் கடனில் மூழ்கின. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். 2021 ஜனவரியில் அந்த அரசாங்கமே பதவி விலகியது. பிறப்பை உள்ளே போட்டால் சந்தேகம் வெளியே வருகிறது. மனு அங்கேயும் போயிருக்கிறார், வேறு பெயரில்.

ஆஸ்திரேலியாவில் 2016 முதல், உதவித்தொகை வாங்கிய ஏழைகளின் ஆண்டு வருமானத்தைக் கணினி 26 சம பங்காக வகுத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவ்வளவு சம்பாதித்திருப்பாய் என்று அதுவே முடிவு செய்து, கடன் பாக்கி என்று நோட்டீஸ் அனுப்பியது. கூலி வேலை என்றால் ஒரு மாசம் இருக்கும், மூணு மாசம் இருக்காது. இது எங்க அம்மாவுக்குத் தெரியும். கணினிக்குத் தெரியவில்லை. 'நான் கடன்பட்டவன் அல்ல' என்று நிரூபிக்க வேண்டியவன் ஏழை. பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டுக்கு அவன் எங்கே போவான்? 2019-ல் அரசே அது சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2023-ல் விசாரணை ஆணையத்தின் அறிக்கை அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. தற்கொலை செய்துகொண்டவர்களின் தாய்மார்கள் அந்த ஆணையத்தின் முன் வந்து பேசினார்கள்.

நம் பக்கத்துத் தெலங்கானாவிலும் 2016 முதல் சுமார் 19 லட்சம் குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டன. யாரிடம் என்ன சொத்து இருக்கிறது என்று பல துறைப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தார்கள். ஐதராபாத்தில் ஒரு ரிக்‌ஷாக்காரர் குடும்பத்துக்குக் கார் இருப்பதாக அது முடிவு செய்தது. கிட்டத்தட்ட அதே பெயரில் வேறொருவருக்குக் கார் இருந்தது. ரிக்‌ஷா இழுத்தவரின் மனைவி எனக்குக் காரில்லை என்று நிரூபிக்கப் பல ஆண்டு அலைந்தார். இல்லாத ஒன்றை இல்லையென்று எப்படி நிரூபிப்பது? நீக்கிய அட்டைகளை நேரில் போய்ச் சரிபாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பார் என்று சொல்வதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

*

கூட்டத்தில் இதைப் பேசினபோது ஒரு மாணவத் தோழர் எழுந்து கேட்டார்: 'அப்ப நீங்க தொழில்நுட்பத்துக்கு எதிரா பேசுறீங்களா? ராட்டை சுத்தச் சொன்ன ஆளுங்க மாதிரி?' நல்ல கேள்வி. இயந்திரம் வேண்டாம் என்று சொன்ன காந்தியத்தை அம்பேத்கர் கடுமையாக எதிர்த்தவர். உடலுழைப்பிலிருந்து ஓய்வு கிடைக்காமல் மனிதன் பண்பாடுள்ள வாழ்க்கை வாழ முடியாது, அந்த ஓய்வை இயந்திரம்தான் தரும் என்பது அவர் நிலை. நானும் அந்தப் பக்கம்தான். மலக்குழிக்குள் மனிதனை இறக்காமல் மிஷினை இறக்கு என்று எத்தனை காலமாகக் கத்துகிறோம்! அங்கே மிஷின் வரமாட்டேன் என்கிறது. அங்கே கை போதும். சந்தேகப்படுகிற வேலைக்கு மட்டும் மிஷின் ஓடோடி வருகிறது. எந்த வேலைக்கு மனிதனை வைத்தார்கள், எந்த வேலைக்கு மிஷினை வைத்தார்கள் என்று பார்த்தாலே ஓர் அரசின் யோக்கியதை தெரிந்துவிடும்.

நான் எதிர்ப்பது மிஷினை அல்ல. தீர்ப்பை மிஷினிடம் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதை. எடை போட மிஷின் இருக்கட்டும். பில் போட இருக்கட்டும். அம்மா சொன்னதுபோல் கடைக்காரனைக் கண்காணிக்க இருக்கட்டும். கீழே நிற்பவன் மேலே இருப்பவனைப் பார்ப்பதற்கு உதவும் கருவி நம் கருவி. ஆனால் 'இந்த மனுசிக்குச் சோறு இல்லை' என்று சொல்லும் வேலை கருவிக்குரியது அல்ல. அதை ஒரு மனிதன் சொல்ல வேண்டும். பேர் போட்டு, காரணம் எழுதி, நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்கத் தயாராக இருந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் துணிவில்லை என்றால் சோறு போட வேண்டும்.

கொலைக் குற்றவாளிக்குக்கூடச் சந்தேகத்தின் பலன் உண்டு என்று நம் சட்டம் சொல்கிறது. ரேஷன் கடையில் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போகிறது? மிஷினுக்கு. இதை மாற்றினால் போதும். ரேகை விழவில்லையா, முதலில் அரிசியைப் போடு, பிறகு சரிபார். அட்டை போலி என்று நினைக்கிறாயா, நீ வந்து நிரூபி, அதுவரை நிறுத்தாதே. இது கருணை கேட்பது அல்ல. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவை உரிமை என்கிறது. குறை கேட்க மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் வேண்டும் என்கிறது. உரிமை என்றால் மறுப்பவன்தான் காரணம் சொல்ல வேண்டும். கேட்பவன் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் பிச்சை.

ஆனால் சட்டத்தோடு இது முடியவில்லை. இது நமக்கும் சேர்த்துத்தான். நம் பிள்ளைகள் படித்து அரசு வேலைக்குப் போகிறார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்காருகிறார்கள். அந்த மென்பொருளை எழுதும் கம்பெனிகளிலும் சிலர் இருக்கிறார்கள். நாளைக்கு ஒரு கிழவி வந்து 'என்னத் தெரியலயாப்பா' என்று கேட்கும்போது, 'எனக்குத் தெரியும், மிஷினுக்குத் தெரியல' என்று நம் பிள்ளையும் சொல்லக்கூடும். அதைச் சொல்லும் வாய் எந்தத் தெருவின் வாய் என்பதால் அந்தப் பேச்சு நியாயமாகிவிடாது. தெரியும் என்றால் தெரிந்தபடி நடக்க வேண்டும். மெமோ வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி மெமோ வாங்குகிறவனுக்குப் பின்னால் சங்கமும் இயக்கமும் நிற்க வேண்டும். தனியாளாய் அவனைச் சாகவிடக் கூடாது.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அம்மாகிட்ட சொன்னேன். 'இனிமே போ. ரேக விழலன்னு சொன்னா, யாரு சொல்றது, எதுக்கு இல்லைன்றீங்க, பேர் போட்டு எழுதிக் குடுங்கன்னு கேளு.'

'கேட்டா எழுதிக் குடுத்துடுவாங்களா?'

'எழுதிக் குடுக்க மாட்டாங்க. எழுதணும்னா பயப்படுவாங்க. அதுக்கு அரிசியே போட்டுடலாம்னு தோணும்.'

அம்மா கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்துச்சி. அப்புறம் சொல்லிச்சி:

'சரி, நீயும் கூட வா. நாலு பேரா போயி கேப்போம்.'